கட்டில் எட்டினால்தான் வைத்தியம் எட்டும்!

"வாங்க தம்பி... என்ன செய்யுது?"

சக்கர நாற்காலியில் வந்தவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம். தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மனைவி தள்ளிக்கொண்டு வந்தார். என் வைத்தியசாலை வாசலில் சாய்தளம் போட்டிருக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு!

"பசியே இல்லீங்க ஐயா. உடம்பு கணகணன்னு இருக்கு" என்றார்.

நாடி பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன். கண்ணைப் பார்த்தேன். பித்தம் கூடியிருக்கிறது என்று மருந்து கொடுத்து அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். அப்போதும் நாற்காலியில் வைத்தே பார்த்தேன். மூன்றாவது தடவை அவர் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உட்காருற எடத்துல ஒரு வாடை வருதுங்க ஐயா... அவரேதான் குளிச்சுக்குவாரு, என்னைப் பார்க்க விடமாட்டேங்குறாரு."

இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் புரட்டிப் படுக்க வைத்தோம். உட்காரும் இடத்தில், எலும்பு அழுந்துகிற பக்கம், உள்ளங்கை அகலத்துக்குப் புண்! அவருக்கு வலியே தெரியவில்லை. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஆறுவதற்கு மாதக்கணக்காயிற்று.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் ஸ்பரிசம் என்றால் தொட்டுப் பார்ப்பது. மாணவனாக இருந்தபோது மனப்பாடமாகச் சொன்னவன்தான் நான். அந்தத் தம்பி விஷயத்தில் அதைச் செய்யாமல் விட்டேன். ஏன் விட்டேன்?

என் கட்டிலை அளந்து பார்த்தேன். தரையிலிருந்து 32 அங்குலம்! அவருடைய நாற்காலி இருக்கை 19 அங்குலம். இடையில் 13 அங்குலம். அதைத் தாண்ட ஆள் வைத்துத் தூக்க வேண்டும். 'எதுக்கு அவரைச் சிரமப்படுத்தணும்' என்று நினைத்தேன். உண்மையில் சிரமத்தைத் தவிர்த்துக்கொண்டது நான்தான்.

எடை பார்த்தது எங்கே?

"கடைசியா எப்ப தம்பி எடை பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"ரைஸ் மில்லுல மூட்டை போடுற தராசுல, நாற்காலியோட தூக்கி வச்சாங்க ஐயா. அதுவும் ரெண்டு வருஷம் ஆச்சு."

காரணம் தெரியாமல் உடல் எடை குறைந்தால் காசநோய், சர்க்கரை, புற்றுநோய் என்று பலவற்றைச் சந்தேகிக்க வேண்டும். பல மருந்துகளின் அளவே எடையைப் பொறுத்தது. நின்றால்தான் எடை காட்டுவேன் என்கிற மெஷின், நிற்க முடியாதவருக்கு என்ன உதவி செய்யும்?

இது எடை மெஷினோடு முடியவில்லை. மார்பக எக்ஸ்ரே கருவி உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்கு இறங்காவிட்டால், சக்கர நாற்காலியில் வரும் பெண்ணுக்குப் பரிசோதனை தட்டிப் போகும். கண் பரிசோதிக்கும் கருவியின் முன்னே ஸ்டூல் தரையோடு பொருத்தியிருந்தால் நாற்காலி கிட்டே போகாது. எண் மட்டும் காட்டும் சர்க்கரை மீட்டர் பார்வையற்றவருக்குப் பயன்படாது. அளவைப் பேசிச் சொல்லும் மீட்டர்களும் இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையில்லாத வசதி வேண்டும், மாற்றுத்திறனாளிகளைக் கவனிப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை வேண்டும். 'எல்லாப் பகுதிகளிலும்' என்றால் வாசலோடு நின்றுவிடக் கூடாது அல்லவா? இத்தகைய தர விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் கருவிகளுக்கே தனியாக அளவு வகுத்திருக்கிறார்கள். பரிசோதனைக் கட்டில் 17 அங்குலம் வரை தாழ வேண்டும் என்று 2024-ல் அங்கே விதி வந்தது. எடை மெஷினில் சக்கர நாற்காலி ஏற இடம் வேண்டும், கட்டிலில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

'அது பணக்கார நாடு சார்!' என்கிறீர்களா? 1990-களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கைக்கு எட்டிய ஒரு சாதனம் எத்தனை பேர் வாழ்க்கையை மாற்றியது! பாவாடை அணிந்தவருக்காக நடுக்கம்பியைத் தாழ்த்தி லேடீஸ் சைக்கிள் செய்தார்களே, அதே யோசனைதான் இதுவும். சாதனம்தான் மனிதருக்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

நான் ஆசாரியைக் கூப்பிட்டு 18 அங்குல உயரத்தில் ஒரு மரக்கட்டில் செய்யச் சொன்னேன். ஒரு பக்கம் கைப்பிடி. இப்போது குனிய வேண்டியவன் நான்தான். முதுகு வலிக்கிறது என்று சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். நல்ல வேடிக்கை என்னவென்றால், மூட்டு வலிப் பாட்டிகளும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் அந்தக் கட்டிலைத்தான் கேட்கிறார்கள்!

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால்...

* மருத்துவமனைக்குப் போகுமுன் போன் செய்து, "சக்கர நாற்காலியில வர்றோம், தாழ்வான கட்டில் இருக்கா, எடை எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். பலர் கேட்டால்தான் வாங்கி வைப்பார்கள்.

* நாற்காலியோடு ஏறக்கூடிய மேடைத் தராசு கிடைத்தால் நாற்காலியோடு எடை பார்த்து, பிறகு காலி நாற்காலியின் எடையைக் கழியுங்கள். நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.

* உணர்ச்சியில்லாத உடம்பைத் தினமும் பார்க்க வேண்டும். இடுப்பின் பின்புறம், உட்காரும் இடம், குதிகால் மூன்றும் முக்கியம். வெட்கப்பட்டால் கைக்கண்ணாடி கொடுத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்போ கருமையோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். திறந்த புண்ணில் எண்ணெயோ பச்சிலையோ நீங்களாகப் போடாதீர்கள்.

* படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். நாற்காலியில் இருப்பவர் அரைமணிக்குள் ஒரு முறையாவது உடம்பைச் சாய்த்து அழுத்தத்தை மாற்ற வேண்டும்.

* பார்வையற்றவரின் மருந்து டப்பாவில் காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மருந்துக்கு இரண்டு போடுங்கள். கஷாயத்துக்குச் சரியான அளவு கொள்ளும் சின்ன எவர்சில்வர் கப்பைத் தனியாக வைத்துவிடுங்கள். தடவிப் பார்த்தே நிரப்பிக்கொள்வார்.

* "நாற்காலியிலேயே பார்த்துடறேன்" என்று டாக்டர் சொன்னால், "படுக்க வச்சுப் பார்த்துடுங்க சார், நாங்க பிடிச்சுக்கறோம்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இந்தக் கடைசி வார்த்தையை அந்தத் தம்பியின் மனைவி முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால், அவர் சொல்லும் வரை நான் காத்திருந்திருக்கக் கூடாது.