குட்டித் துப்பாக்கி... கைக்கு அடங்குமா?

ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு காந்திபுரத்தில் தனியா பஸ்ஸுக்கு நிக்கிறப்போ, 'ஹேண்ட்பேக்ல ஒரு குட்டித் துப்பாக்கி இருந்தா?'னு உங்களுக்கும் தோணியிருக்கலாம்.

அப்படி ஒண்ணு நிஜமாவே வந்துச்சு. 2014-ல் கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை, பெண்களை மனசுல வச்சு 'நிர்பீக்' ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. எடை சுமார் 500 கிராம். விலை ஒரு லட்சத்துக்கும் மேல!

சின்னதா இருந்தா சுலபம்னு நினைக்காதீங்க. எடை குறையக் குறைய, சுடும்போது பின்னோக்கி வர்ற உதை கூடும். பிடி குட்டையா இருந்தா சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது.

பிஸ்டலில் இன்னொரு சிக்கல். சுட்டதும் மேல்பகுதி பின்னால போய், காலித் தோட்டாவைத் தள்ளிட்டு, அடுத்ததை ஏத்தணும். மணிக்கட்டு தளர்ந்தா அது முழுசா பின்னால போகாது; நடுவுலயே சிக்கிக்கும். நம்ம ஊர் மோட்டார் மாதிரிதாங்க, அடி போல்ட் லூஸா இருந்தா ஒழுங்கா ஓடாது. ரிவால்வரில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனா, விசையை அழுத்த விரலில் நல்ல பலம் வேணும்.

பயத்தில் கை நடுங்குற நேரத்தில் இதெல்லாம் கைவர, நிறைய பயிற்சி தேவை.

அதைவிட முக்கியம்: 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறைதான். உரிமம் கேட்கவே 21 வயசு ஆகணும். கேட்டாலும் கிடைக்கும்னு உறுதியில்லை.

அதனால, இப்போதைக்கு உங்க போன்ல 112, 181 ரெண்டையும் சேவ் பண்ணிடுங்க.