கைக்குப் பழகிய கருவி

ஒளிப்படக் கலைஞர் இருட்டறையுள் நின்று தொழில் செய்த காலத்தை நம்மிற் பலர் அறிவர். செந்நிற விளக்கின் மங்கிய ஒளியிலே, படத்தாளின் ஒரு பகுதிக்கு ஒளி குறையும்படி அவர் கையால் மறைப்பார். மற்றொரு பகுதியிற் சிறிது நேரம் கூடுதலாக ஒளி படும்படி விடுவார். முகத்திற் படிந்த கருமை நீங்குவதும், வெளிறிய வானம் முகில்களோடு தோன்றுவதும் அவருடைய விரல்களின் அசைவிலே தங்கியிருந்தன. இன்று அவ்வேலை கணினித் திரைக்கு வந்துவிட்டது. அதனோடு ஒரு வழக்கும் வந்து சேர்ந்தது. விலை கொடுத்துப் பெறும் மென்பொருள் கைக்கு எளிதா, விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள் எளிதா என்பதே அவ்வழக்கு.

"காசில்லாமற் கிடைப்பது கரடுமுரடாகத்தான் இருக்கும்" என்பர் ஒரு சாரார். "பழகாதவன் சொல்லும் குறை அது" என்பர் மறு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. முழு உண்மை இரண்டிலும் இல்லை. போட்டோஷொப், கிம்ப் என்னும் இரு மென்பொருள்களின் வரலாற்றை ஒப்பு நோக்கினால் இது தெளிவாகும்.

இரு பிறப்புக்கள்

1987ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தவர் தோமஸ் நோல். அவர் வாங்கிய மக்கின்டொஷ் கணினியின் திரை கறுப்பையும் வெள்ளையையுமே காட்டவல்லது; இடைப்பட்ட சாம்பல் நிறங்களை அறியாதது. அவற்றைத் திரையிலே தோற்றுவிக்க அவர் ஒரு சிறு நிரலை எழுதினார். அவருடைய தந்தையார் ஒரு பேராசிரியர். ஒளிப்படக் கலையில் ஈடுபாடுடையவர். வீட்டின் நிலவறையிலேயே இருட்டறை அமைத்திருந்தவர். தம்பி ஜோன் நோல் திரைப்படங்களுக்குக் காட்சி நுட்பங்கள் அமைக்கும் நிறுவனம் ஒன்றிற் பணியாற்றியவர். சகோதரர் இருவரும் அந்நிரலை வளர்த்தனர். 1988இல் அடோபி நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. 1990 பெப்ரவரியில் போட்டோஷொப் வெளிவந்தது. இருட்டறையிற் கையால் மறைப்பதற்கும், மிகுதியாக ஒளியூட்டுவதற்கும் ஒளிப்படக்காரர் வழங்கிய பெயர்களே இன்றும் அதன் கருவிகளுக்குப் பெயராக நிற்கின்றன. அவற்றையே கிம்ப்பும் ஏற்றுக்கொண்டது.

கிம்ப் பிறந்ததும் மாணவர் கையிலேதான். 1995இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மற்றிஸ் என்னும் இருவர் அதனை எழுதத் தொடங்கினர். 1996இல் உலகுக்கு வழங்கினர். இன்றும் கிம்ப் தன் படங்களை 'எக்ஸ்.சி.எப்.' என்னும் பெயருடைய கோப்புகளிற் சேமிக்கின்றது. அது அவ்விருவரும் சார்ந்திருந்த மாணவர் கணினிக் கழகத்தின் பெயர்ச் சுருக்கமேயாம். முதலில் அவர்கள் பொத்தான்களையும் பட்டியல்களையும் அமைப்பதற்கு 'மோட்டிப்' என்ற விலைக்குரிய கருவித்தொகுதியைப் பயன்படுத்தினர். அது மனநிறைவு தராமையால் தாமே ஒன்றைப் புதிதாக ஆக்கினர். 'ஜி.ரி.கே.' எனப்படும் அத்தொகுதி பின்னர் எத்தனையோ மென்பொருள்களுக்கு அடித்தளமாயிற்று.

ஆகவே, ஒன்று வணிகர் கூடத்திலும் மற்றொன்று தொண்டர் குடிலிலும் பிறந்தன என்று எண்ணுதல் தவறு. இரண்டும் மாணவரின் ஆர்வத்திற் பிறந்தவை. பிறந்த பின்னரே வழிகள் பிரிந்தன. ஒன்றை ஒரு நிறுவனம் தன் உடைமையாக்கிக்கொண்டது. மற்றொன்று, றிச்சட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த குனூ இயக்கத்தின் உரிமத்தை ஏற்றது. எவரும் இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பது அவ்வுரிமத்தின் சாரம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே பெருங்குழப்பம் உண்டாயிற்று. தமிழுக்கு அத்தொல்லை இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு என்று நாம் எளிதிற் பிரித்துரைக்கலாம். கிம்ப் கட்டற்றது, இலவசமாதல் அதன் விளைவேயன்றி இலக்கணம் அன்று.

பழக்கமா, எளிமையா?

மக்கின்டொஷ் கணினித் திட்டத்தைத் தொடக்கிவைத்த ஜெப் றஸ்கின் என்பார் 1994இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். 'இயல்பாகவே விளங்குகிறது' என்று நாம் ஒரு கருவியைப் புகழும்பொழுது, 'முன்பே பழகியதாக இருக்கிறது' என்பதைத்தான் உண்மையிற் சொல்கிறோம் என்பது அவர் கருத்து. வலக்கையால் எழுதுபவனுக்கு இடக்கை கோணலாகத் தோன்றுகிறது. அதனால் இடக்கை குறையுடையது ஆகிவிடுமா?

கிம்ப்பைப் பற்றி எழுந்த முறைப்பாடுகளிற் பல இவ்வகையின. முன்னாளிலே அதன் கருவிப் பெட்டி ஒரு சாளரத்திலும், படம் வேறொரு சாளரத்திலும், அடுக்குகளின் பட்டியல் மற்றொரு சாளரத்திலும் தனித்தனியே மிதந்தன. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் வேலைத்தளங்கள் பல உண்டு. ஒன்றைக் கிம்ப்புக்கென்றே ஒதுக்கிவிடுவது அங்குள்ளோர் வழக்கம். அவர்களுக்கு அம்முறை வசதியாகவே இருந்தது. விண்டோஸ் கணினியில் இருந்தவருக்கோ அது சிதறிய மேசைபோற் காட்சியளித்தது. 2012இல் வந்த 2.8ஆம் பதிப்பிலே எல்லாவற்றையும் ஒரே சாளரத்துள் அடக்கும் வழி பிறந்தது, 2018இன் 2.10ஆம் பதிப்பில் அதுவே இயல்பு நிலையாயிற்று. இதற்கு முன்னரே, 2005இல், கிம்ப்பின் பட்டியல்களைப் போட்டோஷொப்பின் ஒழுங்கிலே மாற்றியடுக்கிய 'கிம்ப்ஷொப்' என்னும் வேறுபதிப்பு ஒன்றும் தோன்றியது. வேலைத்திறன் அதுவே, மாறியது பட்டியலின் வரிசை. அதை வரவேற்றவர் பலர் என்றால், அவர்கள் தேடியது எளிமையையா, பழக்கத்தையா?

இன்னொரு சான்றும் காண்க. 2.8ஆம் பதிப்பில், 'சேமி' என்றால் கிம்ப்பின் சொந்தக் கோப்பாகவே சேமிக்கும் என்றும், 'ஜேபெக்' முதலிய பிற வடிவங்களுக்கு 'ஏற்றுமதி' என்னும் வேறு வழியிற் செல்லவேண்டும் என்றும் விதித்தனர். அடுக்குகளை இழந்து வேலையைக் கெடுத்துக்கொள்ளாமற் காப்பதே நோக்கம். ஆயினும் பெருங்கண்டனம் எழுந்தது. 2021இல் போட்டோஷொப்பும் சேமிக்கும் முறையை மாற்றி, அடுக்குகளுள்ள படத்தை 'ஜேபெக்' ஆக்க வேறு கட்டளையை நாடவேண்டும் என்று செய்தபோது, அதே கண்டனம் அங்கும் எழுந்தது. பழைய முறைக்குத் திரும்பும் வழியொன்றைப் பின்னர் சேர்க்க நேர்ந்தது. பழக்கத்தை முறிப்பவன் வணிகனாயினும் தொண்டனாயினும் பயன்படுத்துவோரின் சினம் ஒன்றே.

மறைக்கவியலாக் குறைகள்

இவ்வளவும் கூறியதால், குறையெல்லாம் பழக்கக் குறையே என்று முடிவு கட்டிவிடலாகாது. கட்டற்ற மென்பொருளை விரும்புவோர் பலர் இவ்விடத்தே கண்ணை மூடிக்கொள்கின்றனர். அது நன்றன்று.

ஒரு சிறுவன் படத்தில் ஒரு வட்டம் வரைய விரும்புகிறான் என்போம். 3.0ஆம் பதிப்பு வரையிற் கிம்ப்பின் கருவிப் பெட்டியில் வட்டம் வரைவதற்கென்று ஒரு கருவி இருந்ததில்லை. வட்டமான ஒரு பகுதியைத் தெரிவுசெய்து, பின்னர் அதன் விளிம்பிற் கோடிடும்படி பணித்தல் வேண்டும். அறிந்தவனுக்கு இது இரண்டு கணத்து வேலை; அறியாதவனுக்கு அரைநாள் மயக்கம். அச்சுக்கு அனுப்பும் படங்களைத் திருத்துவோர்க்கு வேறொரு குறை. வண்ண அச்சுக்கு வேண்டிய நான்கு மைகளின் கணக்கிலேயே படத்தை வைத்துத் திருத்தும் வசதி போட்டோஷொப்பில் 1991 முதல் உண்டு, கிம்ப்பிலோ 3.0ஆம் பதிப்பில் அச்சின் தோற்றத்தைத் திரையிற் கண்டு சரிபார்க்கலாமேயன்றி, அந்நான்கு மைகளிலேயே படத்தை வைத்து வேலை செய்ய இயலாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, செய்த மாற்றத்தைப் பின்னாளில் மீண்டும் திருத்த இயலாமை. மூலப் படத்தைச் சிதைக்காமல் ஒளியையும் நிறத்தையும் மாற்றும் அடுக்குகளைப் போட்டோஷொப் 1996இல் தந்தது. அவ்வாறே பின்னர் திருத்தக்க வடிகட்டிகளை 2007இல் தந்தது. கிம்ப்பில் இத்தகைய வசதி 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0ஆம் பதிப்பிலேதான் கிட்டியது. இடைவெளி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம்!

இத்தாமதம் ஏன்? வணிக நிறுவனம், பயன்படுத்துவோரின் அருகே அமர்ந்து அவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்வதற்கே ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. தொண்டரோ தமக்கு வேண்டியதைத் தாமே எழுதுகின்றனர். எழுதியவர்க்கு எழுதியது விளங்காமற் போகாது. வீட்டைக் கட்டியவன் இருட்டிலும் படி தவறமாட்டான். விருந்தினன்தான் இடறி விழுவான். இதனை உணர்ந்தே 2006ஆம் ஆண்டு முதல் பீற்றர் சிக்கிங் என்னும் வடிவமைப்பாளர் கிம்ப் குழுவினரோடு கூடி, இது எவருக்கான கருவி, எத்தொழிலுக்கான கருவி என்ற வினாக்களை முன்வைத்து உழைத்தார். எனினும், வடிவமைப்பவர் வரைந்து கொடுப்பதை நிரலாக எழுதுவதற்குக் கைகள் வேண்டும். அவை எப்போதும் சிலவே.

தமிழ் எழுத்தின் கதை

நமக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டிலே நிலைமை தலைகீழாயிற்று. 'கொ' என்ற எழுத்தை யுனிக்கோட் முறையிற் கணினி சேமிக்கும்பொழுது ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. திரையிற் காட்டும்பொழுதோ கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் வந்து நிற்றல் வேண்டும். இவ்வொழுங்கை அறியாத மென்பொருள் எழுத்துக்களைச் சிதைத்துக் காட்டும். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகள் நெடுங்காலம் அவ்வாறே செய்தன. நம் நாட்டு வடிவமைப்பாளர் மேசைகளிற் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்கள் நிலைத்து நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கிம்ப்போ 2004இல் வந்த 2.0ஆம் பதிப்பிலேயே 'பாங்கோ' என்னும் எழுத்துப் பொறியை ஏற்றது. 'எல்லாம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் 'மொழி' எனப் பொருள்படும் யப்பானியச் சொல்லையும் இணைத்து அதற்குப் பெயரிட்டனர். பெயருக்கேற்ப அது தமிழையும் தன் மொழிகளுள் ஒன்றாக மதித்தது. பிற்காலத்திற் போட்டோஷொப்பிலும் தெற்காசிய எழுத்துக்களுக்கான வழி சேர்க்கப்பட்டது உண்மை. ஆனால், சந்தையிற் சிறியதாகிய ஒரு மொழி வணிகரின் வாயிலிலே காத்துநிற்க நேர்ந்தபோது, கட்டற்ற முற்றத்தில் அதற்கு முன்பே பாய் விரிக்கப்பட்டிருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. யாருக்கு எளிது என்று கேளாமல், எளிது என்று மட்டும் சொல்லுதல் எவ்வளவு குறைபாடுடையது!

பூட்டும் சாவியும்

2013 பெப்ரவரியிலே போட்டோஷொப்பின் முதற் பதிப்பினுடைய மூலநிரலை அமெரிக்காவின் கணினி வரலாற்று அரும்பொருளகம், அடோபியின் இசைவோடு, கற்போர் காணும்படி வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், இனி வரும் பதிப்புகள் விலைக்கு விற்கப்படமாட்டா, சந்தா செலுத்துவோர்க்கே கிடைக்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. பழைய வீடு காட்சிப் பொருளாயிற்று; புதிய வீடு வாடகை வீடாயிற்று.

வாடகை நின்றால் வாயிலும் மூடப்படும். பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த கோப்புகள் தன் கையில் இருந்தும், அவற்றை ஆக்கிய கருவியாலே திருத்த இயலாத நிலை வரும். பயன்பாட்டு எளிமை என்பது பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மட்டுமா? நாளையும் அப்பொத்தானை அழுத்த எனக்கு உரிமை உண்டா என்பதும் அதனுள் அடங்கும் அன்றோ?

இதனாலேயே பலர் மூன்றாவது வழியை நாடுகின்றனர். உரிமம் பெறாத படியைக் கணினியில் ஏற்றிக்கொள்கின்றனர். அதைக் கண்டும் காணாதார்போல இருக்கும் ஆசிரியர், படம் திருத்தும் பாடத்தோடு மற்றொரு பாடத்தையும் மாணவர்க்குக் கற்பிக்கிறார். வாய்திறந்து கற்பிக்காத அப்பாடமே மாணவர் மனத்தில் ஆழப் பதியும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

அச்சுத் தொழிலிலோ விளம்பரத் தொழிலிலோ புகப்போகும் மாணவனுக்கு, அத்தொழிலார் வழங்கும் கருவியை மறுப்பது நன்மையன்று. கிம்ப்பே போதும் என்று அவனை அனுப்பிவிட்டால், பணிக்குச் சென்ற முதல் நாளே அவன் திகைத்து நிற்பான். ஆனால் பள்ளிச் சஞ்சிகைக்கு அட்டை அமைக்கவும், பழைய குடும்பப் படத்தின் கறையை நீக்கவும், கண்காட்சிக்குச் சுவரொட்டி ஆக்கவும் விரும்பும் மாணவர்க்குக் கிம்ப் தாராளமாகப் போதும். வகுப்பிற் பயின்ற கருவியையே அம்மாணவன் எவரிடமும் இரவாமல் வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம்.

இரண்டிலும் மேலான வழி ஒன்று உண்டு. அடுக்கு என்பது யாது, மறைப்பு என்பது யாது, ஒளியின் வளைகோட்டை உயர்த்தினாற் படத்திற்கு என்ன நேர்கிறது என்பவற்றைக் கற்பித்தல் வேண்டும். ஒரே படத்தை இரு கருவிகளிலும் திருத்திப் பார்க்கச் செய்தல் இன்னும் நன்று. பொத்தானின் இடத்தை மட்டும் கற்றவன், பொத்தான் இடம் மாறிய அன்றே கல்லாதவனாகிறான். தத்துவத்தைக் கற்றவனுக்கு எந்தக் கருவியும் சில நாட்களிற் கைக்குப் பழகிவிடும்.

இருட்டறையில் நின்ற அக்கலைஞரின் திறமை அவருடைய செவ்விளக்கில் இருந்ததில்லை. எவ்விடத்தில் ஒளியை மறைப்பது, எவ்விடத்தில் விடுவது என்று அறிந்த கண்ணிலே இருந்தது. அக்கண்ணை நம் மாணவர்க்குத் தரும் ஆசிரியர், பின்பு எக்கருவியை அவர்கள் கையிற் கொடுத்தாலும் கவலையில்லை.