டி35 என்றால் என்ன? மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் 100 மீட்டர் ஓட்டம் எப்படி நடக்கிறது?

2024 ஆகஸ்ட் 30. பாரிஸ் பாராலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டர் டி35 இறுதிப் போட்டி. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரைச் சேர்ந்த ப்ரீத்தி பால் 14.21 விநாடியில் ஓடி வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஓட்டப் பந்தயத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் இதுதான். இரண்டு நாள் கழித்து 200 மீட்டரிலும் 30.01 விநாடியில் இன்னொரு வெண்கலம்.

சரி, அந்த 'டி35' என்ன?

மூளை முடக்குவாதம்னா?

செரிப்ரல் பால்சி என்று பரவலாகச் சொல்கிறோமே, அதுதான். கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த சில காலத்திலோ மூளையில் ஏற்படும் பாதிப்பு. காலப்போக்கில் அந்தப் பாதிப்பு வளராது. ஆனால் தசைகளுக்குப் போகும் கட்டளை குழம்பிவிடும். சிலருக்குத் தசை இறுகும், சிலருக்கு உடல் தானாக அசையும், சிலருக்குச் சமநிலை தவறும்.

வேகமாக ஓடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

இறுகிய தசைக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாக நீட்டினால் ஓரளவு இணங்கும். வேகமாக நீட்டினால் எதிர்த்து இழுக்கும். 100 மீட்டர் ஓட்டம் கேட்பதோ அந்த வேகத்தைத்தான். அதாவது, வேகம் கூடக் கூட வீரரின் சொந்தத் தசையே பிரேக் போடுகிறது. அதை மீறித்தான் ப்ரீத்தி மணிக்குச் சராசரியாக 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினார்.

எத்தனை பிரிவுகள்?

'டி' என்பது டிராக். 31 முதல் 34 வரை சக்கர நாற்காலிப் பந்தயம். 35 முதல் 38 வரை நின்று ஓடுபவர்கள்:

டி35: முக்கியமாக இரண்டு கால்களிலும் இறுக்கம்.
டி36: கை, கால் நான்கிலும் கட்டுப்பாடு குறைவு.
டி37: உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு.
டி38: பாதிப்பு லேசானது, ஆனால் பரிசோதனையில் தெளிவாகத் தெரியும்.

பிரிவு மாறினால் என்ன ஆகும்?

எல்லாமே மாறும். பாரிஸில் டி35 தங்கம் வென்ற சீனாவின் ஜோ ஷியா 13.58 விநாடி, டி38 தங்கம் வென்ற கொலம்பியாவின் கரென் பலோமெக்கே 12.26 விநாடி. இதில் பலோமெக்கேயின் நேரம் உலக சாதனை. ப்ரீத்தி டி38இல் ஓடியிருந்தால், முதலிடத்துக்குச் சுமார் 14 மீட்டர் பின்னால் இருந்திருப்பார். ஒரு எண் தள்ளிப்போனாலே பதக்கம் கைநழுவலாம்.

யார் முடிவு செய்கிறார்கள்?

பயிற்சி பெற்ற வகைப்பாட்டுக் குழு. தசை இறுக்கம், அசைவு, சமநிலையைச் சோதிப்பார்கள், பிறகு ஓடச் சொல்வார்கள், போட்டியிலும் கவனிப்பார்கள். பீன்யா மெஷின் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு கேஜ் ஒரு அளவை மட்டும்தான் பார்க்கும். இங்கேயும் அளப்பது, பாதிப்பு ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை மட்டுமே, திறமையை அல்ல.

தவறினால் விலை பெரிது. டோக்கியோ பாராலிம்பிக்கில் 2021இல் ஒரு இந்திய வட்டு எறிதல் வீரர் வென்ற வெண்கலம், அந்தப் பிரிவுக்கு அவர் தகுதியானவர் இல்லை என்று கூறித் திரும்பப் பெறப்பட்டது.

அரசு சான்றிதழ் போதாதா?

போதாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைத் தன் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 40 சதவீதம் என்ற வரம்பு வேலை ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கானது. சான்றிதழில் உள்ள சதவீதத்தை வைத்து ஓட்டப் பிரிவைச் சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு?

தேசிய பாரா தடகளப் போட்டி 2021 மார்ச்சில் இங்கே கண்டீரவா அரங்கில்தான் நடந்தது. பீன்யாவில் பச்சை மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாறி, கப்பன் பார்க்கில் இறங்கினால் நடக்கிற தூரம்.

ப்ரீத்திக்கு பாரா விளையாட்டின் மீது ஆர்வம் வந்ததே 17 வயதில், சமூக வலைதள வீடியோக்களைப் பார்த்துத்தான். அதுவரை போன வருடங்கள் திரும்பி வராது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ காலை இழுத்து நடக்கும் ஒரு குழந்தை இருந்தால், பிசியோதெரபியோடு பேச்சை நிறுத்திவிடாதீர்கள். ஓடுவதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது என்று சொல்லுங்கள்.