பந்தயக் காரின் ஜாதகம்

அரை நூற்றாண்டு கடந்த ஸ்போர்ட்ஸ் கார்களைக் கண்காட்சியில் நிறுத்தி வைக்காமல், தடத்தில் முழு வேகத்தில் மோதவிடுவது வரலாற்றுக் கார் பந்தயம். மொனாக்கோவில் 1997 முதலும், இங்கிலாந்தின் குட்வுட்டில் 1998 முதலும், பிரான்ஸின் லெ மான் தடத்தில் 2002 முதலும் இத்தகைய போட்டிகள் நடந்துவருகின்றன. சென்னையில் பிறந்து 2010-இல் ஃபார்முலா 1 ஓட்டிய கருண் சந்தோக்கைக் குட்வுட்டில் பழைய கார்களின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்க்கலாம். இந்தப் போட்டிகளுக்குள் நுழையக் காரின் வேகம் போதாது, பளபளப்பும் போதாது. அந்த மாடல் அந்தக் காலத்தில் எந்த அமைப்பில் ஓடியதோ அதே அமைப்பில்தான் இப்போதும் இருக்கிறது என்று காகிதத்தில் காட்ட வேண்டும்.

இதற்கான சர்வதேச விதித்தொகுப்பு, உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ வெளியிடும் 'பின்னிணைப்பு கே'. அது கார்களைக் காலவாரியாகப் பிரிக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார்களைப் பொறுத்தவரை 1947 முதல் 1961 வரை 'இ', 1962 முதல் 1965 வரை 'எஃப்', 1966 முதல் 1969 வரை 'ஜி1' என்று வரிசை நீள்கிறது. ஒரு கார் எந்தக் காலத்தில் விழுகிறதோ அந்தக் காலத்து உதிரிப்பாகங்கள்தான் அதற்குச் செல்லும். 1964 மாடலில் 1972-இல் வந்த கார்புரேட்டரை மாட்டினால், அதுவும் பழையதுதானே என்ற வாதம் எடுபடாது.

சோதனையில் தேறும் காருக்கு வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் வழங்கப்படுகிறது. அதைக் காரின் ஜாதகம் என்றே சொல்லிவிடலாம். எஞ்சின் கொள்ளளவு, வால்வு அளவு, கியர் விகிதங்கள், சக்கர அகலம், பிரேக் வகை எல்லாம் படங்களோடு அதில் பதிவாகும். பத்தாண்டுகள் செல்லுபடியாகும். அந்தந்த நாட்டின் மோட்டார் விளையாட்டு அமைப்பே அதை வழங்கும். இந்தியாவில் எஃப்ஐஏ-வின் அங்கத்துவம் பெற்ற அமைப்பு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்எம்எஸ்சிஐ. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கார் இன்ன பிரபல வீரர் ஓட்டியது என்பதற்கெல்லாம் இந்தப் பாஸ்போர்ட் சான்று அல்ல. காரின் பாகங்கள் விதிக்கு உட்பட்டவை என்று மட்டுமே அது சொல்கிறது.

தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு இந்தக் கார்களின் உட்புறம் அந்நியமானதல்ல. அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி எஞ்சின் பிரிட்டிஷ் 'பி-சீரிஸ்' வகை. அதே எஞ்சின் இரட்டைக் கார்புரேட்டரோடு 1955-இல் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது. 1798 சிசியாகப் பெருத்து 1962-இல் எம்ஜிபி-யில் ஏறியது. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து உருவானதுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.

எம்ஜிபி-யையே எடுத்துக்கொண்டால் வேலையின் தன்மை விளங்கும். முதலில் தேட வேண்டியது ஸ்பேனர் அல்ல, ஹோமோலோகேஷன் படிவம். அந்தக் காலத்தில் தயாரிப்பாளர் தன் காரைப் பந்தயத்துக்குப் பதிவு செய்தபோது கொடுத்த விவரங்களும், பிறகு சேர்த்த கூடுதல் பாகங்களும் அதில் இருக்கும். எம்ஜிபி சாலைக்கு வந்தது இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களோடு. ஆனால் வெபர் 45 கார்புரேட்டர் அதன் படிவத்தில் ஏறியிருப்பதால் பந்தயக் கார்களில் அதைப் பொருத்துகிறார்கள். படிவத்தில் ஏறாத பொருள் எவ்வளவு நல்லதானாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் மூலப் பொருளிலேயே இருக்க வேண்டும். இரும்புக்குப் பதில் அலுமினியம் கூடாது. அக்காலத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷன் இல்லாத காருக்கு டிஸ்ட்ரிபியூட்டரும் பாயிண்டும்தான். கார்பன் ஃபைபர் உடல் பாகங்களுக்கு இடமே இல்லை. எடை குறைக்கிறேன் என்று கதவைச் சுரண்டுவோரும் உண்டு. ஆனால் எம்ஜிபி-யின் தொடக்கக்கால பானெட்டே அலுமினியம்தான் என்பதைத் தெரிந்துகொண்டால், அந்த இடத்திலாவது விதியை மீறாமலே எடை மிச்சம். டயரும் அப்படியே: டன்லப்பின் பழைய வடிவப் பந்தய டயர்கள் இதற்காகவே இன்றும் தயாராகின்றன. அகலமான நவீன டயர் காரின் பிடிப்பை மாற்றிவிடும், கூடவே பழைய சஸ்பென்ஷனையும் முறித்துவிடும்.

விதி தளர்வது பாதுகாப்பில் மட்டும். பழைய காரில் இல்லாத ரோல் கேஜ், பல முனைப் பெல்ட், தீயணைப்பான், பெட்ரோல் டேங்கில் பாதுகாப்பு நுரை அல்லது ரப்பர் பை ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள். பெல்ட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. தீயணைப்பானை இரண்டாண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். புத்தம்புதிதாகத் தோன்றும் பெல்ட்டைத் தேதி கடந்ததற்காகத் தள்ளிவிடுவது பார்வையாளருக்கு வீண் கெடுபிடியாகத் தெரியலாம். மோதலின்போது நாடாவின் இழை தாங்குமா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டப் ஆக்சில், ஹப், கனெக்டிங் ராடு போன்றவற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று காந்தத் துகள் முறையில் சோதிப்பதும் நல்ல பட்டறைகளின் வழக்கம். அறுபது வயது இரும்பு சொல்லிக்கொண்டு உடைவதில்லை.

தமிழ்நாட்டில் பந்தய மரபுக்குக் குறைவில்லை. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீறிப் பாய்ந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. சோழவரம் கார்களுக்கு உள்ளூர்ப் பட்டறைகள் செய்த மாற்றங்கள் கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் படிவமோ அக்காலப் பத்திரிகைச் செய்தியோ புகைப்படமோ இல்லாத மாற்றத்தைக் காட்டி இன்று பாஸ்போர்ட் கேட்க முடியாது.

சாலைச் சட்டம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனத்தை 'விஏ' எழுத்துகள் கொண்ட எண்ணில் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கண்காட்சி, பழைய கார் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கே அதைச் சாலையில் ஓட்டலாம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மலைமேல் உள்ள அரியூர் நாட்டுக்கு அடிக்கடி போய்வர அந்த எண் அனுமதி தராது. எனவே ரோல் கேஜ் பொருத்திய பந்தயக் காரைத் தடத்துக்கென்றே ஒதுக்கி, லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றிச் செல்வதே தொல்லையில்லாத வழி.

இத்தனைக்கும் பிறகும் இறங்க நினைப்பவர், காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாடலின் ஹோமோலோகேஷன் படிவத்தின் நகலை வாங்கி, காரின் பக்கத்தில் நின்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. தவறான பாகங்களைக் கழற்றிச் சரியானவற்றைத் தேடி மாட்டும் செலவு, சில சமயம் காரின் விலையையே எட்டிவிடும்.