கோயிற் கட்டடக் கலை: ஏடும் உளியும் நூலும்

பெங்களூரில் வாழும் தமிழன்பர்களில் எத்தனை பேருக்கு ராம் ராஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும்? தஞ்சாவூரில் பிறந்து, சென்னையில் குமாஸ்தாவாகவும் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்து, பிறகு பெங்களூரில் நீதிபதியாக உயர்ந்தவர். இந்தியக் கட்டடக் கலையைப் பற்றி இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நூல் இவருடையதே என்பர் ஆய்வாளர். 48 படங்களோடு 1834-இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி அதை வெளியிட்டது. அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அவர் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மானசாரம், மயமதம் போன்ற சிற்ப நூல்களின் ஏடுகளைத் தேடிப் பிடித்தார். அவற்றைப் பொருள் சொல்லிப் படிக்கத்தான் ஆள் இல்லை. வடமொழிப் பண்டிதரிடம் கொடுத்தால் இலக்கணம் சரியாகச் சொல்வார். கல் எதுவென்று தெரியாது. 'குமுதம்' என்று வந்தால் ஆம்பல் என்பார். கோயில் கட்டுகிறவனுக்குக் குமுதம் என்பது அதிட்டானத்தில் உருண்டையாகவோ பட்டை தீட்டியோ ஓடும் ஒரு வரிசைக் கல். 'கபோதம்' என்றால் அகராதியில் புறா. கட்டடத்தில் சுவருக்கு மேலே வளைந்து நீட்டியிருக்கும் கூரை விளிம்பு. இதையெல்லாம் கையால் தொட்டுக் காட்டக்கூடிய சிற்பிக்கோ வடமொழி வாசிக்கத் தெரியாது. பாட்டன் வைத்துவிட்டுப் போன ஏடு வீட்டில் இருக்கும், அவ்வளவுதான். ராம் ராஸ் கம்மாளர் குலத்துச் சிற்பி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஏட்டில் உள்ள சொல்லைக் கல்லில் உள்ள உறுப்போடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். அந்தச் சிற்பியின் பேரை இன்று யாருங்க சொல்றாங்க?

பின்னால் வந்த ஜேம்ஸ் பெர்குசன் ஏடுகளைப் பெரிதாக மதிக்கவில்லை. அவருக்குக் கட்டடமே சாட்சி. 1876-இல் வந்த அவருடைய பெரிய வரலாற்று நூல் 'திராவிட' பாணி என்ற பிரிவை நிலைநிறுத்தியது. ஆனால் காலம் செல்லச் செல்ல நம் கலை தேய்ந்தது என்ற எண்ணத்தையும் அது விதைத்துவிட்டது. உலகமெங்கும் கட்டடக் கலை மாணவர்கள் பாடமாகப் படித்த பானிஸ்டர் பிளெட்சர் நூல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1901 பதிப்பில் இந்தியக் கட்டடக் கலையை 'வரலாற்றில் சேராத பாணிகள்' என்ற தலைப்பின் கீழ்க் கொண்டுபோய் வைத்தார்கள்! ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டுகளைச் சுவரிலேயே சுமந்து நிற்கும் கோயிலுக்கு வரலாறு கிடையாதாம்.

இதற்குச் சரியான பதில் புதுச்சேரியிலிருந்து வந்தது. அங்கே ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய், 1914-இல் வெளிவந்த தம் நூலில் எளிமையான ஒரு வழியைக் காட்டினார். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் குறுக்குக் கல்லுக்குப் போதிகை என்று பெயர். அதைப் பார்த்தாலே காலம் சொல்லிவிடலாம் என்றார். பல்லவர் போதிகை அடியில் வளைந்து, அலை அலையாகத் தரங்கம் செதுக்கி, நடுவே ஒரு பட்டையோடு இருக்கும். சோழர் காலத்தில் வளைவு போய்ச் சாய்வான வெட்டு வந்தது. நடுவில் ஒரு துண்டு முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். பிற்காலச் சோழர், பாண்டியர் காலத்தில் அந்த நீட்டல் மெல்ல மொட்டு உருவம் கொண்டது. விஜயநகர காலத்தில் அது தலைகீழாகத் தொங்கும் தாமரை மொட்டாகவே ஆகிவிட்டது. நாயக்கர் காலத்துக்கு வந்தால் நம்ம ஊரில் வாழைப்பூ என்றே சொல்லுவாங்க. ஒரே உறுப்பு, தலைமுறை தலைமுறையாகச் சிற்பிகளின் கையில் வளர்ந்திருக்கிறது. கல்வெட்டு இல்லாத கோயிலுக்குக் காலம் சொல்ல இன்றைக்கும் இதுதான் முதல் உதவி. ஒரு எச்சரிக்கை: திருப்பணி என்ற பேரில் தூண்களை இடம் மாற்றி நட்டிருப்பார்கள். ஒரு தூணை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அண்மைக் கால நூல்களில் இரண்டைச் சொல்கிறேன். பியர் பிஷார் என்ற கட்டடக் கலைஞர் தஞ்சைப் பெரிய கோயிலை அளந்து, வரைந்து 1995-இல் வெளியிட்ட நூல் ஒன்று. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று நாம் குழந்தைகளுக்குச் சொல்லி வருகிறோம். அந்தச் சிகரம் பல துண்டுக் கற்களைச் சேர்த்துக் கட்டியது. கேட்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில், துண்டுக் கற்களை ஒன்றுக்கொன்று பொருத்தி ஆயிரம் ஆண்டு நிற்கும்படி கட்டியது எனக்கு ஒற்றைக் கல்லைவிடப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

மற்றொன்று ஆடம் ஹார்டி எழுதியது. அதே 1995-இல் கர்நாடகத் திராவிடக் கோயில்களைப் பற்றித் தனியே ஒரு நூல் தந்தவர், 2007-இல் இந்தியா முழுவதற்குமாக விரித்து எழுதினார். விமானம் என்பது சின்னச் சின்னக் கோயில்களால் ஆன பெரிய கோயில் என்கிறார். மூலையில் சதுரமான கூடம், நடுவில் நீண்ட சாலை, இடையே பஞ்சரம். ஒவ்வொன்றும் ஒரு முழுக் கோயிலின் சிறு வடிவம். இதைத் தெரிந்துகொண்டு பட்டடக்கல் போனால், 'என்னமோ நிறைய வேலைப்பாடு' என்று தோன்றியது சட்டென்று ஒழுங்காகப் பிரிந்து தெரியும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஏட்டையும் உளியையும் ஒரே கையில் பிடித்தவர் 2011-இல் மறைந்த கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பியவர், 'சிற்பச் செந்நூல்' என்று தமிழிலேயே எழுதியும் வைத்தார். பிளெட்சர் நூலும் 2019-இல் முற்றிலும் புதிதாக, உலகக் கட்டடக் கலை வரலாறு என்றே பெயர் மாறி வந்துவிட்டது.

அடுத்த முறை அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குப் போகும்போது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மண்டபத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். தூணின் தலையை நிமிர்ந்து பார்த்து, மொட்டு எந்த அளவுக்கு விரிந்திருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள்.