ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் மலை முழுசாகத் தெரியும். அக்கினி நட்சத்திரம் பிறந்து நாலாம் நாள். காலை ஆறரைதான், அதற்குள் பாறை வெளுத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வந்து உட்கார்ந்ததும் ஒன்றும் பேசாமல் போனை நீட்டினார். கரண்ட் பில்.

“அண்ணே, போன தடவை எழுநூத்துத் தொண்ணூத்தொம்பது. இந்தத் தடவை ரெண்டாயிரத்து ஐந்நூத்து அறுபத்தொண்ணு. ஒரு டன் ஏசிதான், அதுவும் ராத்திரிக்கு மட்டும். மீட்டர் ஓடுதா, பறக்குதா?”

யூனிட் எவ்வளவு என்று கேட்டேன். போன தடவை 320. இந்தத் தடவை 562.

மீட்டரைக் குறை சொல்ல முடியாது. கூடுதலாக ஏறிய 242 யூனிட்டும் ஏசியுடையது. அறுபது நாளுக்குப் பிரித்தால் ராத்திரிக்கு நாலு யூனிட். பத்தரைக்குப் போட்டு விடிய நாலரைக்கு நிறுத்துகிற வீட்டுக்கு இது சரியான அளவுதான். ஆனால் யூனிட் ஒன்றே முக்கால் மடங்குதானே ஏறியிருக்கிறது, பணம் ஏன் மூன்று மடங்குக்கு மேல் ஏற வேண்டும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு டீக்கு அடங்காது என்று தோன்றியதால் இன்னும் இரண்டு சொன்னேன்.

நம் ஊரில் வீட்டுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. 2016-லிருந்து முதல் 100 யூனிட்டுக்குக் காசில்லை. 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, 101-லிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201-லிருந்து 400 வரை 4 ரூபாய் 70 காசு. அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. சரியாக 500 யூனிட் எரித்த வீட்டுக்கு பில் 1,805 ரூபாய்.

இனி 501. அந்த ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய் 40 காசு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு, கீழே 101-லிருந்து 200 வரை கொடுத்த பாதி விலைச் சலுகை கிடையாது. அந்த நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு போட்டு, பழைய கணக்கையே மாற்றி எழுதுகிறார்கள். அதில் 235 ரூபாய் போகிறது. ஆகவே ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் உண்மையான விலை 243 ரூபாய் 40 காசு.

தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்ப நான் தாண்டினது அறுபத்திரண்டு யூனிட்தானே அண்ணே?”

ஆமாம். அந்த 62 யூனிட்டுக்கு அவர் கொடுத்தது 756 ரூபாய். யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல். 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய் 45 காசு, 800-க்கு மேல் 10 ரூபாய் 50 காசு, ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய் 55 காசு என்று படி இன்னும் ஏறிக்கொண்டே போகும். ஏசி ஒரு மணி நேரம் ஓட எத்தனை ரூபாய் ஆகும் என்று ஏசி விற்கும் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு தொகை சொல்வார். என்னிடம் கேட்டால் எந்த யூனிட்டில் ஓடுகிறது என்று திருப்பிக் கேட்பேன். 300-வது யூனிட்டில் ஓடும் ஏசி வேறு, 501-ல் ஓடும் ஏசி வேறு. எனவே தம்பி ஏசியைக் கழற்றி விற்க வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் 62 யூனிட்டை எங்கிருந்தாவது எடுத்தால் போதும். நாளுக்கு ஒரு யூனிட்.

எங்கிருந்து எடுப்பது? எல்லோரும் ஏசியைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் மின்விசிறியைப் பார்ப்பேன். அவர் வீட்டில் மூன்று மின்விசிறி, ஒவ்வொன்றும் நாளுக்குப் பதினாலு மணி நேரமாவது சுற்றும். பழைய மாடல் 75 வாட். பெருக்கினால் நாளுக்கு மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மாதத்துக்கு 190. ஏசி மாட்டுவதற்கு முன்பிருந்த 320-ல் பாதிக்கு மேல் இதுதான். ஏசி மாதிரி சத்தமாகச் செலவு செய்யாது, எலி தானியம் தின்கிற மாதிரி ராப்பகலாகத் தின்னும். பி.எல்.டி.சி. என்கிற புது வகை விசிறி கிட்டத்தட்ட 30 வாட்டில் அதே காற்றைத் தரும். மூன்றையும் மாற்றினால் இரண்டு மாதத்தில் 113 யூனிட் மிச்சம். பில் 449 யூனிட்டுக்கு இறங்கும், 1,484 ரூபாய். ஏசி ரிமோட்டைத் தொடாமலேயே ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைகிறது. மூன்று விசிறியும் சேர்ந்து ஒன்பதாயிரம் ஆகலாம். குளிர்காலத்தில் லாபம் சின்னதாகத்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்தால் போட்ட காசு திரும்ப இரண்டரை, மூன்று வருஷம் ஆகும்.

“ஒன்பதாயிரம் இப்ப இல்லண்ணே.”

சரி, காசில்லாத வழிக்கு வருவோம். ஏசியை எத்தனையில் வைக்கிறாய் என்றேன். இருபதில் வைத்து, போர்வை போர்த்திக்கொள்வாராம். இருபதில் வைத்தால்தான் சீக்கிரம் குளிரும் என்பது அவர் நம்பிக்கை. அவருடையது மட்டுமல்ல, ஊரில் பாதிப் பேர் நம்பிக்கை அதுதான். அது தவறு. மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறையட்டும் என்று நினைத்தாலும் பாதியில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தாலும் மோட்டார் தண்ணீர் ஏற்றுகிற வேகம் ஒன்றுதான், நிற்கிற நேரம்தான் மாறும். சூடான அறையில் போட்டவுடன் ஏசியும் அப்படித்தான், எந்த எண்ணில் வைத்தாலும் முழு மூச்சில் ஓடும். இருபத்தாறில் வைத்தால் இருபத்தாறு வந்ததும் அடங்கும். இருபதில் வைத்தால் விடியும்வரை முக்கிக்கொண்டே இருக்கும். வெளியே இருக்கும் சூட்டுக்கும் உள்ளே இருக்கும் குளிருக்கும் இடைவெளி கூடக் கூட, சுவர் வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் சூடு வேகமாக உள்ளே வரும். வந்ததை மறுபடி வெளியே தள்ளத்தான் கரண்ட்.

ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. ஏசியில் ஸ்டார் சீட்டு ஒட்ட வைக்கும் அதே அலுவலகம். 2020 ஜனவரி 1-லிருந்து புது ஏசிகள் போட்டவுடன் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததும் இதனால்தான். இருபதிலிருந்து இருபத்தாறுக்குப் போனால் ஏசி தின்பதில் முப்பது சதவீதம் குறையும். 242-ல் எழுபது யூனிட். இது ஒன்றே அவரை 500-க்குக் கீழே இறக்கிவிடும். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றட்டும், இருபத்தாறே இருபத்துநாலு மாதிரி இருக்கும். போர்வையைப் பெட்டியில் வைக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் காட்டுங்கள், கதவுக்குக் கீழே பழைய வேட்டியைச் சுருட்டி வையுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், செய்யத்தான் ஆளில்லை.

அடுத்து, நம் ஊருக்கே உரிய ஒன்று. சென்னையில் ராத்திரியும் காற்று பிசுபிசுக்கும். இங்கே பகலில் நாற்பதைத் தொட்டாலும் வறண்ட சூடு. விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு வெளியே இருபத்தேழு, இருபத்தெட்டுக்கு வந்துவிடும். ஆனாலும் அறைக்குள் வேகிறது. ஏனென்றால் அந்த நேரத்துச் சூடு வெளியிலிருந்து வரவில்லை, தலைக்கு மேல் இருக்கும் கான்கிரீட் தளத்திலிருந்து வருகிறது. பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது ராத்திரியில்தான் கக்கும். மலையும் அப்படியே. பௌர்ணமி ராத்திரி கிரிவலம் போகிறவர்களுக்கு எட்டு மணிக்குப் பாறைப் பக்கமிருந்து அனல் அடிப்பது தெரியும். ரமணர்கூட விரூபாட்சிக் குகையில் இருந்த காலத்தில் கோடை வந்தால் மாமரக் குகைக்கு இடம் மாறிவிடுவார்.

அக்கினித் தலத்தில் அக்கினி நட்சத்திரம் என்றால் சும்மாவா? அண்ணாமலையாருக்கே இந்த நாட்களில் மேலே தாரா பாத்திரம் கட்டித் துளித்துளியாக நீர் விழச் செய்கிறார்கள்.

நம் வீட்டுத் தளத்தை அப்படி நனைக்க இந்த ஊரில் மே மாதம் தண்ணீர் எங்கே கிடைக்கும்? வெள்ளை அடிப்பது நல்லது. கோயில்களில் வெயில் காலத்தில் கல்தரையில் வெள்ளைப் பூச்சுப் பட்டை போட்டிருப்பார்கள். செருப்பில்லாமல் பட்டையை விட்டு ஓரடி விலகிக் கல்லில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், கருங்கல் உள்ளே இழுத்துக்கொள்ளும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் சரி, கடையில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட் அடித்தாலும் சரி, கீழ் அறையில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தெலங்கானா 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. நம் தாத்தாக்கள் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டு, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் வீட்டில் மத்தியானம் துண்டை விரித்துத் தூங்கினார்கள். நாம் நாலரை அங்குலக் கான்கிரீட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டு ஏசியைத் திட்டுகிறோம்.

ஏர்கூலரைப் பற்றியும் கேட்டார். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே அது நன்றாகவே வேலை செய்யும், 150-லிருந்து 200 வாட்தான். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஈரக்காற்று வெளியே போக வழி வேண்டும். மூடிய அறையில் வைத்தால் இட்லிக் குண்டான்தான். ஏசியையும் கூலரையும் ஒன்றாகப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று ஈரத்தைக் கொட்டும், மற்றது அதே ஈரத்தை உறிஞ்ச உழைக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைத் தனியாகச் சொன்னேன். அவர் அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அம்மா விஷயத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது. நாற்பதுக்கு மேல் போகும் மத்தியானத்தில் வெறும் மின்விசிறி சூட்டைத்தான் உடம்பில் வீசும். உலக சுகாதார நிறுவனமும் நாற்பது டிகிரிக்கு மேல் விசிறியை நம்பாதே என்றுதான் சொல்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததும், உயிர் போகிற விஷயம் என்பதால்தான். அந்த மாதிரி நாளில் அம்மாவோடு எல்லோரும் ஏசி அறையிலேயே உட்காருங்கள், ஏசி ஓடட்டும்.

தம்பி போனில் கால்குலேட்டரைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தார். ரீடிங் எடுத்த தேதியிலிருந்து முப்பதாவது நாள் மீட்டரைப் பார், 250-க்கு மேல் போயிருந்தால் அடுத்த மாதம் கையைப் பிடி என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். திடீரென்று நிமிர்ந்தார்.

“எல்லாம் சரிண்ணே. பௌர்ணமிக்கு மெட்ராஸ்லருந்து மாமியார் வீட்ல வருவாங்களே?”

திருவண்ணாமலையில் வீடு வைத்திருப்பவனுக்கு இது இல்லாத கணக்கு கணக்கே இல்லை. பதினாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு விடிய ஐந்து மணிக்கு வருவார்கள். குளித்து, இட்லி சாப்பிட்டு, எட்டு மணிக்கு ஏசியைப் பதினெட்டில் வைத்து, சாயங்காலம் நாலு மணிவரை தூங்குவார்கள். உச்சி வெயிலில், தளம் கொதிக்கும்போது. ராத்திரியில் நாலு யூனிட் தின்னும் ஏசி அன்றைக்கு எட்டு, பத்து தின்றாலும் ஆச்சரியமில்லை. இரண்டு மாதத்துக்கு இரண்டு பௌர்ணமி. சித்ரா பௌர்ணமி என்றால் கூட இன்னும் இரண்டு பேர். விருந்தாளி கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்க முடியாது.

“பௌர்ணமிக்கு முப்பது யூனிட்டை இப்பவே தனியா எடுத்து வை. 470-ஐ 500-ன்னு நினைச்சுக்க” என்றேன்.

அவர் 470 என்று போனில் எழுதிக்கொண்டார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.