சட்டத்தின் காவல்

சுவரை வைத்துக்கொண்டன்றோ சித்திரம் எழுதவேண்டும் என்பது முதுமொழி. தாளிலும் துணியிலும் பலகையிலும் எழுதப்படும் ஓவியத்துக்கோ சுவர் வெறும் இருப்பிடமே. காவலாய் நிற்பது அதனைச் சூழ்ந்த சட்டம். படத்தின் சட்டத்தையும் அரசின் சட்டத்தையும் தமிழ் ஒரே சொல்லாற் குறிக்கின்றது. இரண்டும் எல்லை வகுப்பன. இரண்டும் உள்ளிருப்பதைக் காப்பன.

பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்திலுள்ள மோனா லிசா ஓவியத்தை நோக்குவோம். லியனார்டோ டாவின்சி அதனைப் பொப்ளர் மரப்பலகையிலே தீட்டினார். 1911 இல் அதனைக் களவாடியவன் சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றிப் படிக்கட்டிலே போட்டுவிட்டுப் பலகையை மட்டும் கொண்டுசென்றான். 1956 இல் ஒருவன் எறிந்த கல் கண்ணாடியை உடைத்து, முழங்கையருகே சிறிது வண்ணத்தையும் பெயர்த்தது. பின்னர்க் காவல் வலுப்பெற்றது. 2022 இல் இனிப்புப் பண்டத்தைப் பூசினர். 2024 இல் சூப்பை வீசினர். அழுக்கானது கண்ணாடியே, ஓவியத்துக்கு ஊறு நேரவில்லை.

நம் இல்லத்துப் படங்களுக்குக் கல்லெறிவார் இலர். ஆயினும் பகை உண்டு. ஒளி, ஈரம், பூச்சி என்பன புறப்பகை. இராமர் பட்டாபிஷேகப் படத்தையே இராமபாணப் பூச்சி துளைப்பதைக் கண்டிருக்கிறோம். இவற்றினும் கொடியது உட்பகை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ? படத்தின் முதுகிலே வைக்கும் மலிவான மட்டையே அவ்வுட்பகை. மரக்கூழிலிருந்து செய்த அம்மட்டையில் நாளடைவில் அமிலம் ஊறும். அது தாளுட் சென்று பழுப்பேற்றி, தொட்டால் நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவரும். காப்பதற்கென வைத்ததே கொல்வதாயிற்று.

ஆதலால், தொழில் தேர்ந்தவர் அமிலமற்ற மட்டையையே முன்னும் பின்னும் வைப்பர். முன்மட்டையிலே சாளரம்போல் வெட்டிய வாயிலினூடே படம் தோன்றும். அது கண்ணுக்கு அமைதி தருவதோடு, கண்ணாடி படத்தைத் தொடாமலும் தடுக்கும். தொட்டிருப்பின், ஈரக்காலத்தில் நீர் கோத்துப் பூஞ்சணம் படரும். புகைப்படமாயின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பசைநாடாவை அவர் தீண்டார். மெல்லிய யப்பானியத் தாளிற் கோதுமை மாப்பசை தடவி, படத்தின் மேல்விளிம்பை மட்டும் தொங்கவிடுவர். ஈரத்தில் விரிந்தும் வெயிலிற் சுருங்கியும் தாள் இயங்க அது இடந்தரும். வேண்டும்போது நீராற் கழற்றவும் கூடும். செய்ததைத் தீங்கின்றி மீட்கக்கூடியதாய்ச் செய்தலே இத்தொழிலின் அறம்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் இன்று உண்டு. எனினும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் வண்ணத்தை வெளிறச் செய்யும். வெளிறிய வண்ணம் மீளாது. அருங்காட்சியகங்கள் தாளோவியங்களை 50 லக்ஸ் அளவான மங்கலொளியில் வைப்பது இதனாலேயே.

அழகைப்பற்றியும் ஒரு சொல். அணி அணிந்தாளை மறைத்தலாகாது. சட்டம் படத்தை விஞ்சலாகாது. காண்போன் படத்தைப் புகழ்ந்து சட்டத்தை மறந்து செல்வானாயின், அதுவே தொழிலாளியின் வெற்றி.

பாடசாலை மண்டபங்களிலே நிறுவுநர்களின் படங்களும், இல்லங்களிலே முன்னோர் படங்களும் தொங்குகின்றன. அவற்றுட் பலவற்றுக்கு வேறு படி இல்லை. ஆசிரியரும் மாணவரும் ஒருநாள் அவற்றை மெல்ல இறக்கி, முதுகுப்புறத்தைப் பார்ப்பார்களாக. மட்டை பழுத்திருப்பின் தக்காரைக்கொண்டு மாற்றுக. வெயில் படாத சுவரிலே, கீழ்மூலைகளில் இரு தக்கைத் துண்டுகளை ஒட்டிக் காற்றோட வைத்து மாட்டுக. மாலை சூட்டுவதினும் இது முந்திய கடமை.